அணைத்து வைத்த ஃபேன்

உயிருக்குயிரான காசிம் மச்சானுக்கு,

இதை எழுதுவது நான்தான், பழனிச்சாமி. நம்ப மாட்டீங்க. பனியன் கம்பெனி கட்டிங் டேபிளில் ஆளுக்கொரு முனையில் நாம் நின்ற காலமெல்லாம் அளவுச் சீட்டை நீங்க படிப்பீங்க, நான் துணி விரிப்பேன். இப்போது எனக்கே படிக்க வருகிறது. பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள், போய் உட்கார்ந்துவிட்டேன். காதர்பேட்டை பனியன் கடை போர்டுகளை ஒன்று விடாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறேன். ஒரு கடைக்காரர், "ஏனுங்க பெரியவரே, சரக்கு வேணுங்களா, போர்டு வேணுங்களா?" என்று கேட்டார். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

அந்தச் சந்தோசத்தோடு போய்த்தான் இந்தச் சேதியில் முட்டிக்கொண்டேன். அதிர்ச்சி இன்னும் விலகவில்லை.

சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சுவரில் கோடைக்காலம் என்று தலைப்புப் போட்டு ஒரு நோட்டீஸ். தண்ணீர் குடிக்க வேண்டும், மோர் குடிக்க வேண்டும் என்றிருக்கும் என்று நினைத்து எழுத்துக் கூட்டினேன். அதுவும் இருந்தது. அதற்குக் கீழே, வெயில் மனதையும் பாதிக்கும் என்று இருந்தது. தூக்கம் கெடும். காரணமில்லாமல் கோபம் வரும். யாரோடும் பேசப் பிடிக்காது. வாழ்வே வேண்டாம் என்றுகூடத் தோன்றலாம், மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீங்களாக இருந்தால் ஒரே மூச்சில் படித்து முடித்திருப்பீங்க. நான் ஒவ்வொரு சொல்லாகப் போனேன், ஒவ்வொன்றும் ஓர் அடியாக விழுந்தது. மனசுக்குமா வெயில் அடிக்கும், மச்சான்? தகரக் கூரைக்கடியில் இத்தனை வருசம் வெந்தோமே, நமக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே.

அந்தச் சுவரில் எழுதியிருந்தது நோட்டீஸ் இல்லை. உங்க மகன் சலீம்.

அவன் இப்போது கட்டிங் மாஸ்டர். இந்திக்காரப் பையன்களோடு அரைகுறை இந்தியில் கேலி பேசிக்கொண்டே வேலை வாங்குவான். பங்குனியிலிருந்து வாயைத் திறப்பதில்லை. திறந்தால் எரிந்து விழுகிறான். "வேலை முடிஞ்சு வந்தாலும் ஊட்டுக்குள்ள வாரதில்லீங்க மாமா. வாசல்ல வண்டி மேலயே உக்காந்துக்கறாருங்க" என்று மருமகள் நசீமா சொன்னாள். வெயில் தணிந்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னோம்.

மாத்திரைகூட வாங்காமல் நேராக உங்க வீட்டுக்குப் போனேன். உச்சி வெயில். உள் அறையில் சலீம் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஃபேன் ஓடவில்லை.

"கரண்டு இல்லையா கண்ணு?" என்று நசீமாவைக் கேட்டேன்.

"இருக்குதுங்க மாமா. போட்டா அணைச்சுப் போடறாருங்க."

நான் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். "வேண்டாங்க மாமா. துணி பறக்கும்" என்றான்.

அடுக்கடுக்காக விரிக்கிற மெல்லிய துணி காற்றில் ஏறிக்கொண்டால் வெட்டு பிசகிவிடும், எவ்வளவு புழுங்கினாலும் டேபிள் பக்கம் ஃபேன் போட மாட்டோம். கல்யாணப் பந்தியில்கூட ஃபேனை அணைக்கச் சுவிட்சைத் தேடிப் போகிற ஆளல்லவா நீங்க. அப்பனைப் போலவே மகன் என்று வேறொரு நாளில் சிரித்திருப்பேன். ஆனால் அந்த அறையில் ஒரு முழம் துணி இல்லை, மச்சான். அவன் விளையாட்டுக்கும் சொல்லவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "தூங்கறயா மாப்ளே?"

"எங்கீங்க தூக்கம். எல்லாத்தயும் உட்டுப்போட்டுப் போயிரலாம்னு இருக்குதுங்க."

"போறதுன்னா எங்க? செத்துப்போலாம்னு தோணுதா?" நேராகவே கேட்டுவிட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இல்லை என்று சொல்லவில்லை. நசீமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்க தோளில் ஏறி விளையாடிய பிள்ளை இவன்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். "நானென்ன பைத்தியமாங்க மாமா? கம்பெனில தெரிஞ்சா என்னாகறது?" என்றான்.

"உனக்குன்னு ஆரு சொன்னா? எனக்குத்தான். உங்கப்பன் போனதுல இருந்து தூக்கமே இல்ல. தொணைக்கு வா."

கிழவன் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாதவன், வந்தான். மனநலப் பிரிவு என்ற போர்டை வாய்விட்டுப் படித்தேன். "மெதுவாப் படிங்க மாமா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

உள்ளே ஒரு சின்ன வயசு அம்மா டாக்டர். யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"தூக்கம் வருதுங்களா?"

"படுத்தாத் தூக்கந்தானுங்க."

"சாப்பாடு?"

"நல்லாப் பசிக்குதுங்க."

"மனசு எப்படி இருக்குது?"

"படிக்கக் கத்துக்கிட்டனுங்க. ரொம்பச் சந்தோசமா இருக்கறனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் சலீம் சிரிக்கிறான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வழிகிறது.

"எந்திரிங்க மாமா" என்றான். "எனக்குத்தானுங்க டாக்டர்."

அவனோடு தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். வெயில் மட்டும் காரணமில்லையாம். மாசக்கணக்கில் ஓவர்டைம் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறான், அதன்மேல் வெக்கையும் சேர்ந்துகொண்டது. குணமாகிற நோய்தான் என்றார். மாத்திரை கொடுத்தார். தனியாக விடக்கூடாது, மனசு இன்னும் மோசமானால் எந்த நேரமானாலும் அழைத்து வரவேண்டும், காற்றோட்டமாகப் படுத்துத் தூங்க வேண்டும் என்றார்.

கம்பெனியில் லீவு கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் பேசுகிறான், சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். நேற்று நசீமாவிடம் மோர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஏன் மச்சான், ஒரு கோடை முழுக்க நீங்களும் யாரோடும் பேசாமல் இருந்தீங்களே, அதுவும் இதுதானா? அந்த வருசம் உங்களுக்கு என்னென்ன தோன்றியது? நீங்க கண்ணை மூடிவிட்டீங்க, இனி யாரிடம் கேட்பேன்?

மத்தியானம் தோறும் பேப்பரோடு உங்க வீட்டுக்குப் போகிறேன். ஃபேனைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறேன். நான் ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் அவனுக்குக் கண் சொக்கிவிடுகிறது. இவ்வளவு மெதுவாகப் படிப்பதால் ஒரு பிள்ளை தூங்கும் என்றால், இதைவிட வேகமாகப் படிக்க எனக்கு ஆசையில்லை.

மழை இறங்கினாலும் நிறுத்த மாட்டேன், மச்சான். அவனாக எழுந்து போதும் மாமா என்று சொல்லும்வரை வருவேன். காற்றுக்குப் பேப்பர் பறக்கத்தான் பறக்கிறது. முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு படிக்கிறேன். ஃபேனை அணைக்க விடமாட்டேன்.

உங்க பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தபடி,
உங்க மச்சான் பழனிச்சாமி