தீவம்மாவின் கீழ்க்கரை

ஆனி 12, வெள்ளி

காலையிலேயே வெயில். கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

இன்று: 1. பல் டாக்டர் (தள்ளிப்போடலாம்). 2. தையல்காரரிடம் சட்டை. 3. தனத்திடம் உண்மையைச் சொல்வது (தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட்டேன்).

உண்மை இதுதான்: தீவம்மாவின் சேலையில் கொடி தலைகீழ்.

தீவம்மா என்பது நான் வைத்த பெயர். சொந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. தை மாதம் கோயிலுக்கு வந்தவர், எங்கள் தறியருகே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மா பிறந்த தீவை ஒரு பெரிய நாடு எப்போதோ வைத்துக்கொண்டு, இருந்தவர்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்பிவிட்டதாம். இப்போது இவர்கள் நாட்டுக்கே திருப்பித் தருகிறார்கள். அந்தத் தீவிலேயே விழா. பழைய கொடி இறங்கும், இவர்கள் கொடி ஏறும், பேண்டு வாசிப்பார்கள். அங்கே இவர் நம் பட்டில் நிற்க வேண்டும். சேலையின் உடல் அரக்கு. கரையில் கொடியின் நிறங்கள்: மேலே நீலம், நடுவில் மஞ்சள், கீழே பச்சை.

"கொடியைக் கால்ல கட்டலாமாம்மா?" என்று கேட்டேன்.

அவர் பேசுவது கல்யாணப் பத்திரிகைத் தமிழ். "எங்கள் மண்ணை முதலில் தொடுவது என் கால் அல்லவா? அங்கேதான் வேண்டும்" என்றார்.

நெய்வது என் மனைவி தனம். இடுப்பு போனதிலிருந்து என் வேலை பேசுவது, நூல் வாங்குவது, நிறம் சொல்வது. இதற்கும் நிறம் சொன்னவன் நானே. எல்லாச் சேலைக்கும் போல இரண்டு கரையும் கண்ணாடி பார்த்தாற்போல் எதிரெதிர், இரண்டு ஓரத்திலும் நீலம். கட்டிக்கொண்டால் மேல்கரை சரி. கீழ்க்கரையில் பச்சை மேலே, நீலம் தரையில்.

புதன்கிழமையே கவனித்துவிட்டேன். ஒரு முழம் நெய்தாகிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

ஆனி 13, சனி

மேகம். மழை இல்லை.

தீவம்மா வாட்ஸாப்பில் படம் கேட்டார். மேல்கரையை மட்டும் நெருக்கத்தில் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு அழுகிற மஞ்சள் முகம் நான்கு. ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியும் இட்லி இறங்கவில்லை. ஆறுதான்.

போனில் தேடிப் பார்த்தேன். அந்தக் கொடியைத் தலைகீழாக்கினால் ஆப்பிரிக்காவில் வேறு யாருடையதோ. தீவைச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் நாட்டுக்கு எழுதிவைத்த பெருமை என்னைச் சேரும்.

ஆனி 14, ஞாயிறு

பிடிபட்டேன். தனம் என் போனில் மணி பார்க்கப்போய்ப் படத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னாத்துக்கு ஒரு கரையை மட்டும் அனுப்பியிருக்கீங்க? இன்னொண்ணு உங்கள இன்னா பண்ணுச்சு?"

தலையைச் சாய்த்துக் கொடிப் படத்தைப் பார்த்தாள். பிறகு தறியை. பிறகு என்னை. கடைசிப் பார்வைதான் நீளம்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"புதன்கிழமை."

"நாலு நாளா பாத்துக்கினே இருந்தீங்களா?"

"கால்ல இருக்கறதை யாரு பாக்கப் போறாங்க தனம்? எல்லாரும் கொடிக் கம்பத்தைத்தான் பாப்பாங்க."

கத்தரிக்கோலை எடுத்தாள். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை அறுக்கத்தான்.

29ஆம் தேதி காலை தீவம்மாவின் சொந்தக்காரப் பையன் வந்து வாங்கிக்கொண்டு அன்றே விமானம் ஏறுகிறான். மீதி பதினைந்து நாள். சேலைக்கே பன்னிரண்டு வேண்டும்.

ஆனி 15, திங்கள்

புழுக்கம். கீழ்க்கரைப் பாவில் நீலத்தையும் பச்சையையும் அறுத்து, இடம் மாற்றி, இழைக்கு இழை பிணைக்கிறோம். மஞ்சள் நடுவில் இருந்ததால் பிழைத்தது. எனக்கு மூக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடி. தனம் நூறு முடிச்சுப் போட்டால் நான் முப்பது. அதில் பத்தை அவள் மறுபடி போடுகிறாள்.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது மாலைக்குள் பக்கத்து ஊர் ஓரிக்கை வரை போய்விடும்.

"இன்னாபா, ரெண்டு கரையும் மூஞ்சி பாக்காம திரும்பிக்கினு இருக்குது? வூட்ல சண்டையா?"

"கரைக்கு ஒண்ணும் இல்லண்ணா. சண்டை எனக்குத்தான்."

"தறியில உக்காந்த நாளா இந்த மாதிரி ஒரு கரை பாத்ததில்ல. ஊரு சிரிக்கும்மா தனம்."

"ஊருக்குத் தப்புண்ணா, அவங்களுக்குச் சரி. சிரிக்கறவங்கள ஒரு பக்கமா உக்காந்து முடிச்சுப் போடச் சொல்லு."

ஏகாம்பரத்துக்குத் திடீரென்று வீட்டில் வேலை.

அறுத்தெடுத்த ஒரு முழத்தை என்னிடம் நீட்டினாள். "துண்டா போட்டுக்குங்க. வெளிய போவும்போது."

ஆனி 17, புதன்

பிணைத்தாயிற்று. இடுப்பு இனி என்னுடையது இல்லை. இன்று மதியமே தனம் தறியில் உட்கார்ந்துவிட்டாள்.

சமையல் நான். உப்புமா. நாளையும் உப்புமா. ஆட்சேபம் வரவில்லை. அவள் பேசினால்தானே வரும்.

ஆனி 28, ஞாயிறு

மழை. தறிக்குழியில் ஈரம். சாயங்காலம் நான்கு மணிக்குச் சேலை முடிந்தது. மஞ்சள் குங்குமம் வைத்துத் தறியிலிருந்து அறுத்தாள். கீழ்க்கரையை என்னிடம் விரித்துக் காட்டி, "சொல்லுங்க" என்றாள்.

"நீலம், மஞ்சள், பச்சை."

"மேல்கரை?"

"நீலம், மஞ்சள், பச்சை."

பாஸ். இரவு சாப்பாட்டில் அப்பளம் பொரித்தாள்.

ஆனி 29, திங்கள்

பையன் சொன்ன நேரத்துக்கு வந்தான். ஷார்ட்ஸ். சேலைப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு காரில் போனான்.

ஆடி 9, சனி

இங்கே நல்ல காற்று. பகல் பதினொரு மணிக்குப் போனில் நேரலை. ஏகாம்பரம் நாற்காலியோடு வந்துவிட்டார்.

தீவில் கொட்டும் மழை. பேண்டு வாத்தியத்துக்குள் தண்ணீர். இறங்குகிற கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது, ஒரு சிப்பாய் எம்பி எம்பி இழுத்தான். ஏகாம்பரம்: "வுட மனசு இல்லபா அதுக்கு."

தீவம்மாவைக் காணோம். எல்லாரும் மழைக்கோட்டு. பிறகு இவர்கள் கொடி ஏறியது. கேமரா வரிசையாக முகங்களைக் காட்டிக்கொண்டே வந்தது.

"அதோ!" தனம்.

சாம்பல் நிறக் கோட்டு, சாக்குப் பை மாதிரி, கணுக்கால் வரை. அரக்கு இல்லை, முந்தானை இல்லை, நான் பெருமையாகப் படம் பிடித்த மேல்கரை இல்லை. கோட்டுக்குக் கீழே நான்கு விரல் அகலம் மட்டும்: நீலம், மஞ்சள், பச்சை.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்டதை இப்போது திருப்பிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"ஐயோ, கரையில சேறு படுது."

"துவைச்சா போயிடும் தனம்."

"அவங்க மண்ணாச்சே, துவைக்க மாட்டாங்க" என்றாள்.