ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள்

நாள் 1411. நேரம் 07:10

சீரிஸ் குறுங்கோள், ஏழாம் பனிச்சுரங்க நிலையம். பணியில் இருப்பவர் ஒருவர்: மங்கையர்க்கரசி, வயது 44. பம்பு சீராக ஓடுகிறது. நேற்று எடுத்த பனி பதினோரு டன். அறை அழுத்தம் 98.6 கிலோபாஸ்கல், முந்தைய நாளைவிட 0.4 குறைவு. முதுகலைக் கணித நுழைவுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு நாள்.

இந்தக் குறிப்பேட்டில் சொந்த விஷயம் எழுதக்கூடாது என்பது நிறுவன விதி. எழுதுகிறேன். பிறகு இதை எடுத்துப் படிப்பவருக்குக் காரணம் தெரிய வேண்டும். ஒப்பந்தப்படி நான் இன்னும் ஆறு வருடம் இங்கே கிடக்க வேண்டும். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தவரை மட்டும் இடையில் விடுவிப்பார்கள். சுரங்க ஊழியர்களுக்கு ஒதுக்கியது ஒரே ஓர் இடம். அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். இரண்டு முறை தோற்றாயிற்று. இது கடைசி.

நிலையத்தை நடத்தும் இயந்திரத்துக்குக் கங்காணி என்று பெயர் வைத்திருக்கிறேன். நான் படிக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் 'பணியின்மை' என்று குறித்துத் தலைமை நிலையத்துக்கு அனுப்புகிறது. தேர்வுக்கு மேற்பார்வையும் அதுதானாம்.

நாள் 1411. நேரம் 13:40

தலைமை நிலையத்திலிருந்து பொறுப்பாளர் இருதயராஜின் செய்தி. அப்படியே பதிகிறேன்.

"என்ன மங்கை, நேத்து நாலு மணி நேரம் பணியின்மைன்னு மிஷின் சொல்லுது? எம்பொண்ணு வயசுப் பிள்ளைங்க எழுதுற பரீட்சைம்மா அது. உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? சரி, பிரஷர் இறங்குதாமே, மொதல்ல அதப் பாரு. அங்க ஏதாவது ஒண்ணுன்னா வண்டி வந்து சேர அஞ்சு மணி நேரம் ஆகும், ஞாபகம் இருக்கட்டும்."

பதிலுக்கு 'சரி' என்று மட்டும் அனுப்பினேன். என் வயதைப் பற்றிப் பேசாமல் அவரால் ஒரு வாக்கியம் முடிக்க முடிந்ததில்லை.

காற்று கசியக்கூடிய இணைப்புகள் நான்கு. (அ) சமையல் மூலையின் புகைப்போக்கி. (ஆ) பம்பு அறைக் கதவு. (இ) தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைக்கும் இடம். (ஈ) விண்ணுடை அறைக் கதவு. எழுதிய பிறகுதான் கவனித்தேன், விடைகளைப் போலவே எழுத்திட்டிருக்கிறேன். இரண்டு மாதமாக எல்லாம் இப்படித்தான் தெரிகிறது.

நாள் 1411. நேரம் 16:25

சோப்பு நுரை பூசிப் பார்த்தேன். (அ) நுரை அசையவில்லை. (ஆ) அசையவில்லை. (இ) கொப்பளித்தது. விடை (இ). அடைப்புப் பசை ஒரு டப்பாதான் இருந்தது. விடை உறுதி என்பதால் முழுவதையும் அங்கேயே பூசினேன். பழுது தீர்ந்ததாகத் தலைமைக்கு அறிக்கை அனுப்பியாயிற்று.

ஒன்றே கால் மணி நேரம் வீண். குலக் கோட்பாட்டுக் கணிதத்தில் இரண்டு பாடம் மிச்சம் இருக்கிறது.

நாள் 1412. நேரம் 10:15

அழுத்தம் 98.3. இன்னும் குறைகிறது, ஆனால் 0.3 மட்டும். பசை இறுகும்வரை அப்படித்தான் இருக்கும்.

மாதிரித் தேர்வில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. தலைமை நிலையத்திலிருந்து அதே ஓர் இடத்துக்குப் போட்டியிடும் ஃபர்ஹானா என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறாள். வயது இருபத்து நான்கு.

"ஆன்ட்டி, ரெண்டாம் பிரிவுல உங்களுக்குப் பத்துல மூணுதான். கணக்குத் தெரியாம இல்ல. சரியான விடை ஒண்ணு கண்ணுல பட்டதும் டிக் அடிச்சிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிடுறீங்க. மிச்சத்தத் தொட்டுக்கூடப் பார்க்கிறதில்ல. அந்தப் பிரிவுல ஒண்ணுக்கு மேல சரியா இருக்கும், எல்லாத்தையும் குறிச்சாத்தான் மார்க். பாதி மார்க்கெல்லாம் கிடையாது, தெரியும்ல?"

தெரியும். இவள் பிறந்த ஆண்டே பட்டம் வாங்கியவள் நான். போட்டிக்காரி தரும் அறிவுரையில் விஷம் இல்லாமல் இருக்காது. "உன் தாளை நீ பார்த்துக்கொள்" என்று அனுப்பினேன். ஆன்ட்டியாம்.

நாள் 1413. நேரம் 07:40

தேர்வு நாள். 14:00 முதல் 17:00 வரை. வினாத்தாள் ரகசியம் காக்க எட்டு மணிக்கே அலைவரிசை பூட்டப்படும்; கங்காணியின் அறிக்கைகளும் வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் தேர்வரே பூட்டை உடைத்துக்கொள்ளலாம். உடைத்தால் விண்ணப்பம் ரத்து.

பூட்டுக்கு முன் இருதயராஜ் கேட்டது: "பிரஷர் நின்னுடுச்சா?" நின்றுவிட்டது என்றேன். மானி 98.1 காட்டுகிறது. முதலில் 0.4, பிறகு 0.3, இப்போது 0.2. குறைந்துகொண்டே போகும் தொடர்வரிசைக்குக் கீழே ஓர் எல்லை இருந்தால் அது குவிந்தே தீரும், ஏதோ ஓர் எண்ணை நெருங்கி நிற்கும். இன்று காலை திருப்பிப் பார்த்த முதல் தேற்றம்.

சுவர் முழுக்கச் சூத்திரத் தாள்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

நாள் 1413. நேரம் 11:30

அலறல் மணி. அழுத்தம் 92. விண்ணுடை அறையில் காற்று அறவே இல்லை. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. கதவின் விளிம்பு ரப்பர் கிழிந்து, என் பக்கத்துக் காற்று அந்த வழியாகப் போகிறது. விண்ணுடையும் மாற்றுக் காற்று சிலிண்டர்களும் அந்த அறைக்குள்.

(ஈ).

(ஈ)யில் நான் நுரையே பூசவில்லை. (இ) கொப்பளித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன். மணப்பாறையில் எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகும் ட்யூபைத் தண்ணீரில் முழுச் சுற்றும் சுற்றிப் பார்ப்பார். அவர் எந்தத் தேர்வும் எழுதியதில்லை.

பசை தீர்ந்துவிட்டது. சூத்திரத் தாள்களைப் பிய்த்து விளிம்பில் வைத்தேன். காற்றின் இழுப்பில் ஒட்டிக்கொண்டன. வேகம் பாதியாயிற்று, நிற்கவில்லை.

கங்காணியின் அறிவிப்பு: "தற்போதைய வேகத்தில் 16:40 வரை நினைவு இருக்கும். பூட்டை உடைக்க விருப்பமா? உடைத்தால் விண்ணப்பம் ரத்தாகும்."

இப்போது கூப்பிட்டால் வண்டி 16:30க்கு வரும். பத்து நிமிடம் மிஞ்சும்.

நாள் 1413. நேரம் 12:20

கூப்பிடவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். மூளைக்குக் காற்று போதவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. அழுத்தம் இன்னும் 85, தலை தெளிவாக இருக்கிறது. ஐம்பது நிமிடமும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இன்னும் எத்தனை தாள் ஒட்டினால் ஐந்து மணிவரை தாங்கும் என்று. வேறு ஏதாவது ஒரு வழியில் இரண்டையும் தக்கவைத்துக்கொள்ள முடியுமா என்று. ஆறு வருடம் என்ற எண் ஒவ்வொரு வரியிலும் வந்து நின்றது. இருதயராஜ் "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று இழுப்பதும் காதில் கேட்டது.

கணக்கை முடித்து நிமிர்ந்தபோது மணி 12:20. இனி கூப்பிட்டால் வண்டி வருவது 17:20.

கூப்பிட்டால் இரண்டும் போகும். கூப்பிடாவிட்டால் ஒன்றுதான் போகும். விடை தெளிவு.

எழுதிய பிறகு மறுபடி படித்தேன். இதிலும் ஒரு விடையைக் கண்டதும் நிறுத்திவிட்டேனோ? கங்காணியின் 16:40 பொய்க்கலாம். வண்டி வேகமாக வரலாம். இந்த இரண்டையும் சரிபார்க்கவில்லை.

சரிபார்க்கப் போவதுமில்லை. தேர்வுக்கு முன் கை கழுவ வேண்டும்.

நாள் 1413. நேரம் 13:58

அழுத்தம் 71. இருக்கையில் அமர்ந்துவிட்டேன். விரல் நுனிகள் நீலம். மூன்று மணி நேரத் தாளில் எனக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம்.

நாள் 1413. நேரம் 16:05. திரையில் கணக்குப் போட்டுப் பார்க்கும் கரட்டுப் பகுதியில் எழுதியது

முதல் பிரிவு, மூன்றாம் பிரிவு முடிந்தன. இரண்டாம் பிரிவைக் கடைசிக்கு வைத்தேன். எழுத்துகள் நகர்கின்றன.

கேள்வி: கீழே எல்லை உள்ள, குறைந்துகொண்டே போகும் தொடர்வரிசை. கீழ்க்கண்டவற்றுள் சரியானவை எவை.

(அ) குவியும். சரி.

நிறுத்தவில்லை.

(ஆ) சுழியத்தில்தான் குவியும். தவறு. அவசியமில்லை. இங்கே மட்டும் அப்படி.

(இ) எந்த உட்தொடரும் அதே எண்ணுக்குத்தான் போகும். சரி.

(ஈ) (ஈ)யைப் பார்த்தேன். உறுப்புகள் போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். சரி.

ஃபர்ஹானா, நாலையும் பார்த்துட்டேன்மா. பத்துக் கேள்வியும்

ஆன்ட்டின்னே கூப்பிடு

இன்னும் ஒரே கேள்வி

(அ) ச

நாள் 1413. நேரம் 17:00. தானியங்கிப் பதிவு

தேர்வு நேரம் முடிந்தது. விடைத்தாள் அனுப்பப்பட்டது. விடையளித்த கேள்விகள்: 60இல் 59. தேர்வர் இருக்கையை விட்டு எழவில்லை. விதிமீறல் எதுவும் இல்லை. அறை அழுத்தம் 45. அலைவரிசை திறக்கப்பட்டது.

17:02. தலைமை நிலையத்திலிருந்து வந்த செய்தி: "மங்கை, எப்படிம்மா எழுதின? இந்தப் பொண்ணு ஃபர்ஹானா வெளிய வந்ததும் உன்னத்தான் கேக்குது. ரெண்டாம் பிரிவு ஒழுங்கா பார்த்தாங்களான்னு கேளுங்க சார்னு நிக்குது. அப்புறம், இந்த மூணு நாள் பணியின்மையையும் நான் கணக்குலேர்ந்து அடிச்சிட்டேன், கவலைப்படாத. என்ன, கோவமா இருக்கியா? பேசும்மா."

இருக்கையில் அசைவு இல்லை.

பணியின்மை: 17:00 முதல், தொடர்கிறது.