கை எடுத்தால் நிறுத்து

அத்தான்,

மழை ஓய்ந்து இன்றுதான் சுனாபட்டியில் ஒழுங்காக வெயில் அடித்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை வராந்தாக் கம்பியில் உலரப் போட்டேன். அடியில் உங்கள் காக்கிச் சட்டை இருந்தது. எடுத்ததுமே பெட்ரோலும் எண்ணெயும் கலந்த அந்த வாடை வந்தது. முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, ஐந்து விரலோடு ஒரு கறுப்புக் கை. என் கைதான். எத்தனை சோப்புப் போட்டும் போகாத கறை. நல்ல சட்டையைப் பாழாக்கிவிட்டாய் என்று என்னைத் திட்டுவீர்கள். திட்டிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே சட்டையைத்தான் போட்டுக்கொள்வீர்கள்.

நீங்கள் போய் இது இரண்டாவது மழைக்காலம். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தையிடம்கூட நான் சொல்லாத ஒன்று. அதற்கு முன்னால் கொஞ்சம் பழையதைப் பேசிக்கொள்கிறேன். எனக்குத் தைரியம் வர வேண்டும்.

கல்யாணம் முடிந்து நான் பம்பாய் வந்தபோது, இந்தச் சுனாபட்டிச் சாலின் வரிசை அறைகளில் நமக்கு ஒரே அறை. அதில் அத்தை, நீங்கள், நான். பகலில் உங்களிடம் டம்ளரை நீட்டினால்கூட விரல் படாமல் நீட்ட வேண்டும். பேச்சும் அந்த அளவில்தான். “சோறு”, “போதும்”, “ரயிலுக்கு நேரமாச்சு.” மூன்று வருடத்தில் நாம் பேசியதை ஒரு தபால் கார்டில் எழுதியிருக்கலாம், விலாசத்துக்கும் இடம் மிஞ்சியிருக்கும். உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நான் முடிவு செய்துவிட்டேன். அப்படியெல்லாம் இல்லை, என்ன பேசுவதென்று தெரியாமல் இருந்தேன் என்று பிற்பாடு நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனுஷன் மூன்று வருடமா யோசிப்பான்?

அப்புறம் அந்த ரம்பம் வந்தது. ரே ரோட்டில் நீங்கள் வேலை பார்த்த மரக்கிடங்கில் சேட்டு வாங்கிப்போட்ட பெட்ரோல் ரம்பம். சங்கிலியில் பல் வைத்து, கயிற்றை இழுத்துக் கிளப்புகிற மிஷின். அதை ஓட்டத் துணிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கப்பலிலிருந்து வந்த யாரோ உங்களிடம் ஒரு படம் கொடுத்திருந்தான். எந்த நாட்டிலோ ஒருவன் அதே மாதிரி ரம்பத்தால் முழு மரத்தில் ஒரு கரடியை வெட்டி, அதன் பக்கத்தில் நிற்கிறான். உளி கிடையாது, சுத்தியல் கிடையாது, ரம்பம் மட்டும். அந்தப் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தீர்கள். அந்த வருட மழையில் நம் சாலுக்குப் பின்னால் இருந்த தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. சேட்டிடம் கேட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ரம்பத்தைச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தீர்கள்.

மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டீர்கள். ரம்பம் ஓடும்போது காது கேட்காது, பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது, அதனால் ஒருத்தர் பின்னால் நிற்க வேண்டும் என்றீர்கள்.

“என் முதுகுல கைய வச்சுக்கோ. கை இருந்தா ஓட்டுவேன். எடுத்தா நிப்பாட்டிருவேன். வேற ஒண்ணும் செய்யாண்டாம்.”

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை வேறு பக்கம் பார்த்தார். அடுத்த அறை மராத்திக்காரி கமல்பாய் வராந்தாவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். மூன்று வருடத்தில் முதல்முறையாகப் பட்டப்பகலில் உங்கள்மேல் கை வைத்தேன். சட்டைக்கு உள்ளே முதுகு சூடாக இருந்தது. ரம்பத்தின் நடுக்கம் உங்கள் முதுகு வழியாக என் உள்ளங்கைக்கு வந்து முழங்கை வரை ஏறியது. எனக்கு அழுகை வந்தது, கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

உங்கள் கரடியைப் பற்றி நான் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்லுவேன். கமல்பாய் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “அரே, யே தோ டுக்கர் ஹை” என்றாள். பன்றியேதான். முன்னங்காலை வெட்டிக்கொண்டே போய்க் காலே இல்லாமல் செய்துவிட்டீர்கள். நான் சிரித்தேன். “அப்ப நீ வெட்டிக் காட்டுளா” என்று ரம்பத்தை என் பக்கம் திருப்பினீர்கள். கேலிக்குத்தான் சொன்னீர்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

முந்தானை சங்கிலியில் மாட்டினால் ஆளே மாட்டிக்கொள்வாள் என்று நீங்கள் பயந்தீர்கள். கமல்பாய்தான் என்னை உள்ளே இழுத்துப்போய், அவர்கள் வழக்கப்படி கச்சம் வைத்துப் புடவையை இறுகக் கட்டிவிட்டாள். வெளியே வந்ததும் அத்தை கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு திறக்க நாலைந்து ஞாயிறு ஆயிற்று.

ரம்பம் ஒரு மூட்டை அரிசி கனம். கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தும் கிளம்பவில்லை. கிளம்பியபோது நான் கத்திவிட்டேன். அதன் நீள அலகின் நுனியை மட்டும் மரத்தில் பட விடாதே, பட்டால் துள்ளி உன் முகத்துக்கே வரும் என்று ஆயிரம் தடவை சொன்னீர்கள். காலை அகட்டி நில், இடது கையை மடக்காதே, பெருவிரலால் எண்ணெய்ப் பொத்தானை அழுத்திக்கொண்டே இரு. சொல்லிவிட்டு என் பின்னால் போய் நின்று உங்கள் கையை என் முதுகில் வைத்தீர்கள். அதற்கப்புறம் எனக்குப் பயம் இல்லை.

முதலில் மீன் வெட்டு, மீனுக்குக் கால் கிடையாது என்றீர்கள். ஊர்க்கடலில் பார்த்த சீலா மீனை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இந்தப் பக்கம் கொஞ்சம் கூடிவிட்டது என்று அந்தப் பக்கம் எடுப்பேன், அந்தப் பக்கம் குறைந்துவிட்டது என்று இந்தப் பக்கம் எடுப்பேன். நீளச் சீலா தட்டை வாவலாயிற்று. அடுத்த ஞாயிறு அது நெத்திலியாகிக் கிடந்தது. அடுப்புக்கு விறகாயிற்று என்று கமல்பாய் எடுத்துப்போனாள். நீங்கள் சிரிக்காமல் சொன்னீர்கள்: “வெட்டுறதப் பாக்காதளா. விடுறதப் பாரு.” எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. இரண்டாவது மரத்துண்டையும் கெடுத்த பிறகுதான் விளங்கியது. எடுக்கவேண்டியதை விட்டுவிட்டால் நாளைக்கும் எடுக்கலாம், விடவேண்டியதை எடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

ஒரு தடவை நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது முதுகில் கை போய்விட்டது. உடனே நிறுத்தினேன். திரும்பினால், பந்தை எடுக்க ஓடிவந்த கமல்பாயின் மகளைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். அவள் என் முழங்கைக்கு ஓரடி தள்ளி வந்துவிட்டிருந்தாளாம். அன்று முதல் அந்தக் கணக்கு என் உடம்பில் ஊறிவிட்டது, அத்தான். கை போனால் நிற்க வேண்டும்.

ரம்பம் கொண்டுவந்த ஒவ்வொரு ஞாயிறும் அதை அணைத்த பிறகு இருவருக்கும் காது அடைத்துப்போய்விடும். கத்திக் கத்திப் பேச வேண்டியிருக்கும். அப்படித்தான் நாம் பேச ஆரம்பித்தோம். உங்கள் அப்பா செத்தது, நீங்கள் எட்டாவதில் நின்றது, என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் கால்விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் கத்தினீர்கள். சால் முழுவதும் கேட்டது. தமிழ் தெரியாத கமல்பாய்க்குக்கூட நம் சங்கதி முக்கால்வாசி தெரியும். அத்தையே ஒருநாள் கதவைத் திறந்து வந்து, ரெண்டு பேரும் வாயை மூடிக் கஞ்சி குடியுங்கள் என்றார். அந்த ஒன்றரை வருடம்தான் எனக்குக் கல்யாணம்.

மூன்றாவது துண்டில் சீலா மீன் வந்தது. தலை வந்தது, முதுகுத் துடுப்பு வந்தது. வால் பக்கத்தை அடுத்த ஞாயிறு எடுக்கலாம் என்றிருந்தபோது உங்கள் கண் மஞ்சளாயிற்று. நாட்டு மருந்து கொடுத்தோம், பத்தியம் இருந்தீர்கள். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். வார்டில் அத்தனை பேர் இருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் உங்கள் முதுகில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பார்க்கிற நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள். பையை எடுப்பதற்காகக் கையை எடுத்தேன். நீங்கள் திரும்பாமலே கேட்டீர்கள்.

“நிப்பாட்டிரட்டுமா?”

ஏதோ காய்ச்சலில் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். ரயிலுக்கு வேறு நேரமாகிவிட்டது. “ஆமா, போதும், தூங்குங்க” என்றேன்.

படி இறங்கி வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பி ஏறியிருக்கலாம். நர்ஸிடம் கெஞ்சினால் விட்டிருப்பாள். நாளைக்குத்தான் வரப்போகிறோமே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நடந்துவிட்டேன். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் நோவு அப்படி, நீ என்ன சொல்லியிருந்தாலும் நடந்திருக்கும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், நான் ஆமாம் என்றேன். கடைசியாக என் மகன் என்ன சொன்னான் என்று அத்தை இப்போதும் சில நாள் கேட்பார். தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொல்லுவேன். அத்தை தலையாட்டிக்கொள்வார்.

ரம்பத்தைக் கிடங்கில் வேறொருவர் ஓட்டுகிறார். என் மீன் சாலுக்குப் பின்னால் அப்படியே கிடக்கிறது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து சவாரி போகிறார்கள். அதன் வால் இன்னும் மரத்துக்குள்தான் இருக்கிறது.

இன்று கம்பியில் காய்ந்த சட்டையின் கறைமேல் என் கையை வைத்துப் பார்த்தேன். விரலுக்கு விரல் சரியாக இருந்தது. வெயிலில் துணி சூடேறியிருந்தது. நான் எடுக்கவே இல்லை. கமல்பாய் ஒருதரம் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உலை பொங்குகிறது என்று அத்தை குரல் கொடுத்தார். இரண்டாம் தடவையும் கொடுத்தார். போகத்தான் வேண்டியிருந்தது.

“அத்தான், சோறு வடிக்கப் போறேன், அதுக்குத்தான் கைய எடுக்கேன்” என்றேன். “நீங்க நிப்பாட்டாதீங்க.”

அப்புறம்தான் எடுத்தேன்.