நான் ஊதிவிட்ட அந்த மூச்சு

இன்று காலை மருத்துவமனை வராண்டாவில் உன் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனதும் அவர் சட்டையிலிருந்து ஏலக்காய் வாசம், காய் உலர்த்தும் அறையின் புகையோடு சேர்ந்து குப்பென்று அடித்தது. உன் சேலையிலும் இதே வாசம்தான் இருக்கும். ஒரு கணம் நீயே வந்துவிட்டாய் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்க்க இன்று எனக்குத் தைரியம் இல்லையடி.

நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. நடந்ததைச் சொல்கிறேன். குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் செடிக்கு அடிக்கிற மருந்துக்குச் சுண்ணாம்பு கரைக்கும்போது, அது கொதித்துத் தெறித்து உன் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அவருடைய வலது கண்ணில் விழுந்துவிட்டது. கருவிழி வெளுத்து மூடிவிட்டது. நம் ஆஸ்பத்திரி லேப்பில் செய்யும் வேலைதான் அவருக்கு மிச்சமிருந்த வழி. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து அரைப் பருக்கை அளவு திசுவை எடுத்து, அதிலிருந்து செல்களைப் பிரித்து வளர்த்து, கெட்ட கண்ணில் வைக்க வேண்டும். அந்தத் துளியில் கிருமி ஏறிவிட்டால் அவ்வளவுதான். இன்னொரு முறை எடுத்தால் நல்ல கண்ணுக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்பு தேவாரம் ஊரிலிருந்து கண் காட்ட வந்த அந்த அம்மாவுக்கும் இதையேதான் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அந்த நாளை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். லேப்புக்கு வரும் முன்பு நீயும் நானும் ஒரே கொட்டகையில் ஏலக்காய் பொறுக்கியவர்கள். ஒரு கை அள்ளி, சருகையும் காம்பையும் வாயால் ஊதித் தள்ளிவிட்டு, நல்ல காயைத் தனியே போடுவோம். யோசித்துச் செய்கிற காரியமா அது? கைக்கு எது வந்தாலும் வாய் தானாக ஊதும். பஸ்சில் கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டைக்கூட நீ ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் பையில் வைப்பாய். ராசிங்காபுரத்தில் இறங்கும் வரைக்கும் அதைச் சொல்லியே உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அன்று தேவாரத்து அம்மாவின் செல்கள் இருந்த தட்டின் விளிம்பில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. நான் குனிந்து ஊதினேன். முகக்கவசத்துக்குள்ளிருந்துதான் ஊதினேன், ஆனாலும் ஊதியது ஊதியதுதான். பக்கத்து மேசையிலிருந்து நீ பார்த்தாய். "ஏ புள்ள, ஊதிட்டியேடி" என்றாய், எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாக. நாலாம் நாள் தட்டு மோர் மாதிரி கலங்கிவிட்டது. காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடினார்கள். அந்த அம்மாவின் கண் திறக்கவேயில்லை. பஸ்சில் வரும்போது நீ சொன்னாய்: "நீயா போயி சொன்னாத்தாண்டி சரி. நான் வாயத் தொறக்க மாட்டேன்." நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டே காலம் போய்விட்டது.

அப்புறம்தான் மெஷின் வந்தது. திசுவை உள்ளே வைத்து மூடிவிட்டால், கரைப்பது, பிரிப்பது, வடிகட்டுவது, கழுவுவது எல்லாம் மூடிய குழாய்களுக்குள்ளேயே நடந்துவிடும். மனிதர் மூச்சுப் படாது. அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வாய் இல்லைல்ல, அது போதும் நமக்கு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டேதான் வேலை பார்த்தேன்.

இன்று அண்ணனின் நல்ல கண்ணிலிருந்து எடுத்த திசுவை உள்ளே வைத்தபோது அது பாதியில் நின்றுவிட்டது. வடிகட்டியில் ஏதோ அடைத்துக்கொண்டு சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே திசுவைக் கரைக்கும் திரவம் ஊறிக்கொண்டே இருக்கிறது. கால் மணி நேரத்துக்கு மேல் விட்டால் அது செல்களையே தின்றுவிடும். திறந்து கையால் முடிக்க வேண்டும். நீ போன பிறகு கையால் செய்து பழகியவள் நான் ஒருத்திதான்.

மறுபடி ஊதிவிடுவேனோ என்று பயம். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், நூல், ஊதியது, தேவாரம், எல்லாம். அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அத அப்புறம் பேசுவோம். இப்ப வெரசா கையக் கழுவிட்டு வாங்க" என்றார்.

கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டே செய்தேன். முகக்கவசத்துக்குள் ரத்தம் கரித்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டு விளிம்பில் தொங்கியபோது என் கன்னம் தானாக உப்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி செத்துப் பிழைத்தேன். ஊதவில்லை. தட்டைச் செல் வளர்க்கும் சூட்டுப் பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் கீழே வார்டுக்குப் போனேன். அண்ணன் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தார்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வருசத்துக்கு முன்னால தேவாரத்து அம்மா கண்ணு..."

"தெரியும் தாயி. எம் பொண்டாட்டி அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொல்லி அழுதா."

"தெரிஞ்சுமா இங்க வந்தீக?"

"ஊர்ல எல்லாரும் மதுரை ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொன்னாக. நாந்தான் மாட்டேன்னேன். கடைசியாக் கெடையில கெடக்கும்போது அவ சொன்னா, 'என்னைக்காச்சும் அவளா வந்து சொல்லுவா, பாத்துக்கிட்டே இருங்க'ன்னு. சொல்லிட்டீகல்ல. போங்க, போயி சோலியப் பாருங்க."

தன் கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

தட்டு தெளிவாக இருக்கிறதா, கலங்கிவிட்டதா என்று தெரிய நாலு நாள் ஆகும். அதுவரை சோறு இறங்காது எனக்கு. நீ என்மேல் வைத்த நம்பிக்கை இருக்கிறதே, பயத்தைவிட அதுதான் கனக்கிறது. இன்னும் சொல்ல வேண்டிய ஒருவர் பாக்கி. தட்டு எப்படி ஆனாலும், வருகிற ஞாயிற்றுக்கிழமை தேவாரம் பஸ் ஏறப்போகிறேன். அந்த அம்மாவின் வாசலில் போய் நின்று என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

நீ இருந்திருந்தால், கூப்பிடாமலே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாய்.