கடைசிக் கதவுக்கு முன்னால் நிற்கும் மண்டையன்

என் அம்மாவுக்கு, மண்டையனுக்கும் அம்மாவாக இருந்தவளுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் தீபாவளி நமக்கில்லை. இந்த வருஷம்தான் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறியது. அச்சு முறுக்கு நான் சுட்டேன். பாதி அச்சை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது, மீதி கருகியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் எடுத்துச் சாப்பிட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

நம் ஊர் கெலாங் பாத்தாவில் வேறு பெரிய செய்தி இல்லை. நம் தாமான் குடியிருப்புக்கு எதிரே இருந்த செம்பனை மரங்கள் போய் அங்கே மாடி வீடுகள் எழும்பிவிட்டன. நானும் இப்போது உன்னைப் போலவே விடிவதற்கு முன் பஸ் ஏறி, இரண்டாம் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன். ஜன்னல் ஓரம் கிடைத்தால் உன் ஞாபகம் வருகிறது. கிடைக்காவிட்டாலும் வருகிறது.

ஆனால் இந்தக் கடிதம் மண்டையனைப் பற்றியது. அவனுக்கு என்ன ஆயிற்று என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் பேக்டரித் தோழி ஒருத்தி வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது, "பிள்ளைங்களுக்குக் குடு" என்று அந்த கேம் பெட்டியை உன் கையில் திணித்துவிட்டுப் போனாள். சாம்பல் நிறம், செங்கல் கனம், உள்ளே ஒரே ஒரு கேம். எங்களுக்கென்று வந்த சாமான் அது. பஸ்ஸில் வரும்போது சும்மா அழுத்திப் பார்த்தாய். அன்றிலிருந்து நாங்கள்தான் உன்னிடம் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. எந்த வீட்டிலாவது அம்மாவைப் பார்த்துப் பிள்ளைகள் "போதும்மா, கண்ணு கெட்டுப் போயிரும்" என்று சொல்லியிருப்பார்களா?

அந்த கேம் வேறொரு பெரிய வரிசையிலிருந்து கிளை பிரிந்து வந்த குட்டி என்று தம்பி சுரேன் பின்னாளில் கண்டுபிடித்துச் சொன்னான். பெரிய கேம்களில் ஒரு வீரன் வாளோடு பேய்க் கோட்டைக்குள் நுழைவான். எல்லாம் ரத்தமும் இடியும் மின்னலும்தான், ஒரு சிரிப்புக் கிடையாது. அவற்றில் முதல் வாசலிலேயே ஒரே வெட்டில் சிதறிப்போகிற எலும்புக்கூட்டுக் காவல்காரன் ஒருவன் வருவான். இந்தக் குட்டி கேமில் அவன்தான் கதாநாயகன். இதைக் கேட்டதும் நீ, "பாவம்லா, அவனும் சம்பளத்துக்கு நிக்கறவன்தானே" என்றாய். மண்டையன் என்று பெயர் வைத்ததும் நீதான்.

கோட்டை என்னவோ பயங்கரமானதுதான். சிலந்தி வலை, கல்லறைத் தோட்டம், தானாக அடிக்கும் மணி எல்லாம் உண்டு. ஆனால் அங்கே ஒன்றுகூட ஒழுங்காகப் பயமுறுத்தாது. மீசை வைத்த கல்யாணப் பெண் பேய் தன் முக்காட்டைத் தானே மிதித்து விழும். ரத்தக்காட்டேரிப் பிரபு வசனம் பேச வாயைத் திறந்து தும்முவார். மண்டையன் அடிபட்டால் தலை கழன்று உருண்டோடும். உடம்பு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தட்டுத் தடுமாறிப் பின்னாலேயே ஓடும். தாவித் தாவிப் பிடித்துத் தலையை மாட்டினால்தான் மேலே போக முடியும். "மண்டை! மண்டை! புடிடா மண்டைய!" என்று நீ பஸ்ஸில் கத்தியதைக் கேட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து தலையைத் தடவிப் பார்த்தார்கள் என்று நீயே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

அதில் வரும் எழுத்து ஜப்பான் எழுத்து. நம் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் கதையை நீயே சொன்னாய்.

"இவனுக்கு ஷிப்ட் முடிஞ்சிருச்சு. ஆனா விட மாட்டேங்கறாங்க. ஒவ்வொரு கதவுலயும் ஒரு சூப்பர்வைசர் நின்னுக்கிட்டு ஓவர்டைம் ஓவர்டைம்னு உயிர வாங்கறான். கடைசிக் கதவத் தாண்டிட்டா போதும், வீட்டுக்குப் போயிருவான்."

பாலத்தில் நெரிசலாகி நீ வரத் தாமதமானால் சுரேன் சாப்பிட மாட்டான். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து நிற்பான். நீ வந்து, குளித்து, நாற்காலியில் உட்கார்ந்து, எங்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகுதான் அவன் முகத்தில் உயிர் வரும். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்பான்.

"மண்டையன் இன்னிக்கு வீட்டுக்குப் போயிட்டானாம்மா?"

"இல்லலா. கடைசிக் கதவுகிட்ட நிக்கறான். நாளைக்குத் தொறக்கலாம்."

அந்த நாளை வரவே இல்லை. கதவு வரைக்கும் போவாய், அங்கே நிறுத்திவிடுவாய். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வருவாய், மணப்பெண்ணை ஒரு தடவை தடுக்கி விழ வைப்பாய், மறுபடி கதவுக்கு முன்னால் வந்து நிற்பாய். "பயந்தாங்கொள்ளி அம்மா" என்று கேலி செய்வோம். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நாங்கள் வளர்ந்தோம், சுரேனுக்கு சிகாமட்டில் வேலை கிடைத்தது, எல்லார் கையிலும் போன் வந்தது. நீ மட்டும் பேட்டரி மாற்றி மாற்றி அதையே வைத்திருந்தாய். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏறியிருந்தபோது கட்டைவிரல் சரியாக அழுந்தவில்லை. "நான் தொறக்கட்டாம்மா?" என்று கேட்டேன். "என்ன அவசரம் இப்போ?" என்று என் கையைத் தடுத்தாய்.

இனி வருவதைப் படித்து அப்பாவைத் திட்டாதே.

உன் வருஷத் திவசத்துக்கு அப்பா உன் சாமான்களை எடுத்து வைத்தார். சேலை, கண்ணாடி, கோப்பிக் கோப்பை, அந்த கேம் பெட்டி. சாமிக்கு முன்னால் வைக்கிற எதையும் சுத்தம் செய்யாமல் வைக்க மாட்டாரே. மஞ்சள் தண்ணீரில் துணியை முக்கி, எல்லாவற்றையும் ஒரே பக்தியோடு துடைத்தார். துடைத்தது போதாதென்று மேலே தெளித்தார். அதற்கும் மேலே திரையில் சந்தனம், நடுவில் குங்குமம். நான் சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்தபோது மண்டையன் குடியிருந்த பெட்டி, ஆயுத பூஜையன்று நம் ஊர் லாரிகள் நிற்குமே, அந்தக் கோலத்தில் நின்றது. அழுத்திப் பார்த்தேன். உயிர் இல்லை.

"அலமாக்! தண்ணி பட்டா போயிருமா? அவ அத மழையிலகூடக் கொண்டாந்திருக்காளே" என்றார் அப்பா.

நம் கடைவரிசையில் போன் பழுது பார்க்கும் வினோத்திடம் கொண்டுபோனேன். பிரித்தான், துடைத்தான், காய வைத்தான். திரை பச்சையாக விழித்துக்கொண்டது. கேம் தொடங்கும்போது எழுத்துத் தெரியாமல் நீ கண்ணை மூடிக்கொண்டு அழுத்தி வைத்த மூன்று எழுத்துப் பெயரும், எப்போதும் அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன வௌவால் படமும் அப்படியே இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. வினோத் பெட்டியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கேம் கார்டுக்குள்ள பட்டன் மாதிரி ஒரு பேட்டரி இருக்கு. உங்கம்மா விளையாடினது அதுலதான் நிக்குது. தண்ணி பட்டுத் துரு புடிச்சிருக்கு. எப்ப வேணாலும் போயிரும்."

"புதுசு போட முடியாதா?"

"போடலாம். போட்டா அம்மா வச்சிருந்தது அழிஞ்சிரும். அழியாம காப்பி எடுக்க ஒரு மெஷின் இருக்கு, எங்கிட்ட இல்ல. வரவழைக்கறதுக்குள்ள இது தாங்குமான்னு என்னால சொல்ல முடியல." பிறகு திரையைத் தொட்டுக் காட்டினான். "ஆனா ஏன்கா வருத்தப்படறீங்க? அம்மாதான் முடிச்சிட்டாங்களே. நானும் இத ஆடியிருக்கேன், முடிச்சவங்க பேருக்குப் பக்கத்துலதான் இந்த வௌவால் வரும். முடிச்சதும் கேம் மறுபடியும் கடைசிக் கதவுக்கு முன்னாடியே கொண்டாந்து விட்டுரும்."

அந்த வௌவாலை நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். அலங்காரம் என்று நினைத்திருந்தோம். அப்படியென்றால் நீ எப்போதோ கதவைத் திறந்துவிட்டாய். திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, எங்களிடம் வந்து "நாளைக்குத் தொறக்கலாம்" என்று சொல்லியிருக்கிறாய். ஏன்மா?

சுரேனிடம் போனில் சொன்னேன். "யாரும் தொடாதீங்க. அம்மா நிக்கற எடத்துலயே நிக்கட்டும்" என்று வைத்துவிட்டான். எனக்கும் பாதி மனம் அப்படித்தான். மீதி மனம், பேட்டரி சாவதற்கு முன் நீ பார்த்ததை நானும் பார்க்க வேண்டும் என்று அடித்துக்கொண்டது.

தீபாவளிக்கு முதல் நாள் சுரேன் வந்துவிட்டான். சாயங்காலம் உனக்குப் படையல் போட்டோம். வாழையிலையில் நெத்திலி சம்பல், கோழிப் பிரட்டல், என் கருகிய முறுக்கு, சர்க்கரை தூக்கலாகக் கோப்பி. அப்பா கேம் பெட்டியையும் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். இந்தத் தடவை காய்ந்த துணியால் துடைத்திருந்தார். சூடம் காட்டி, கதவைச் சாத்தி, நீ சாப்பிட்டுப் போக நேரம் கொடுத்து, மறுபடி உள்ளே போனோம். இலையிலிருந்து எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டோம். பெட்டி மட்டும் கிடந்தது.

"அதையும் எடுங்க" என்றார் அப்பா.

"வேணாம்பா" என்றான் சுரேன்.

"படைச்சத எடுத்துக்கணும்டா. எடுக்காம விட்டா அவளுக்குப் போய்ச் சேராது. சம்பல மட்டும் தின்னுட்டு இத விட்டா என்ன நியாயம்? உங்கம்மாவுக்குச் சம்பல்தான் பெருசா இருந்துச்சா?"

சுரேன் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தான்.

நீ உட்காரும் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கதவு திறந்தது. உள்ளே சூப்பர்வைசர்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் நின்றிருந்தார், கூரை உயரத்துக்கு. முதல் அடியிலேயே மண்டையனின் தலை போயிற்று. "மண்டை! மண்டை!" என்று நானும் அப்பாவும் கத்தினோம். அப்பா கத்தியதை நீ கேட்டிருக்க வேண்டும்! பக்கத்து வீட்டு மலாய்க்கார மாச்சிக் வேலி ஓரம் வந்து எட்டிப் பார்த்தார். தோற்றான், எழுந்தான், மறுபடி தோற்றான். கடைசியில் அந்தப் பெரிய சூப்பர்வைசர் தன் அங்கியில் தானே சிக்கிப் படிக்கட்டில் உருண்டார்.

அப்புறம் மண்டையன் நடந்தான். கோட்டை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கல்லறைத் தோட்டத்தின் மூலையில் ஒரு சின்னச் சவப்பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் ஏறிப் படுத்தான். மூடி மூடிக்கொண்டது.

அதுதான் அவன் வீடு. நீ கண்டுபிடித்ததும் மறைத்ததும் அதைத்தான். வீட்டுக்குப் போய்விடுவான் என்று எங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். கேட்டில் நின்று உனக்காகக் காத்திருக்கும் பிள்ளையிடம், போய்ச் சேர்கிற இடம் ஒரு பெட்டி என்று எப்படிக் காட்டுவாய்? அதனால் அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்தாய், வருஷக் கணக்காக. அந்த மூடி மூடுவதைப் பஸ்ஸில் நீ மட்டும் தனியாகப் பார்த்தபோது உனக்கு எப்படியிருந்ததம்மா? ஆஸ்பத்திரியில் என் கையைத் தடுத்தபோதும் அதைத்தான் நினைத்தாயா?

சுரேன் பெட்டியை மடியில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். அப்போது அப்பா, "பொறு, பொறு, இன்னும் முடியல" என்றார். மூடி கொஞ்சம் தூக்கியது. எலும்புக் கை ஒன்று வெளியே வந்து இங்கேயும் அங்கேயும் தடவியது. மூடிமேலேயே மறந்து வைத்திருந்த தலையைக் கண்டுபிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு குறட்டை.

அப்பா சிரித்தார். நீ போன பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். "அவளேதான்லா! எங்க போனாலும் ஒண்ண மறந்துட்டுத் திரும்பி வருவா" என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். நாங்களும் அழுதோம். எனக்கு நீ வேண்டும் அம்மா. அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் வினோத் புதுப் பேட்டரி போடுகிறான். காப்பி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் மூன்று எழுத்தும் வௌவாலும் போய்விடும். அதே மூன்று எழுத்தை நான் மறுபடி அழுத்துவேன். நீ போன பஸ்ஸில், நீ போன பாலத்தின் மேல், முதல் வாசலிலிருந்து மண்டையனைக் கூட்டிக்கொண்டு வருவேன். தலை உருண்டால் வெட்கமில்லாமல் கத்துவேன். கடைசிக் கதவு வரைக்கும் கொண்டுவந்து, அங்கே நிறுத்திவிடுவேன். யார் கேட்டாலும் நீ சொன்ன கதையைத்தான் சொல்வேன்: அவனுக்கு ஷிப்ட் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகிறான். கதவையா?

நாளைக்குத் தொறக்கலாம்லா.

உன் நாற்காலிக்கு இடது பக்கத்தை இன்னும் விட்டுக்கொடுக்காத
மூத்த மகள்,
மாலதி