எட்டுக் கோழியும் அரைப் பாட்டில் பினாயிலும்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காயாத சாக்ஸை மாட்டிக்கொண்டு ஓடாமல், உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், ஆனால் நம்பவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிரித்து முடித்துவிட்டு மேலே படி. போன மாதம் அனுப்பிய போட்டோவில் கொத்துக் கொத்தாகத் தொங்கியதே தக்காளி, அது நம் தோட்டத்துத் தக்காளி இல்லை. கடையில் வாங்கி, தையல் நூலால் செடியில் கட்டிவிட்டேன். நீ அதைப் பெரிதாக்கிப் பார்த்து, என்னம்மா உரம் போட்டீங்க என்று கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும், நாக்கு எழவில்லை. உண்மை என்னவென்றால் ஏழு தக்காளிச் செடியில் ஆறு நான் ஊற்றிய தண்ணீரிலேயே அழுகிப்போயின. போட்டோவுக்கு நின்றது ஏழாவது செடி, அதுவும் மறுநாளே நூலோடு சாய்ந்துவிட்டது. கீரை விதைத்தேன், தளதளவென்று வந்தது, மூன்று வாரம் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன், மாடி வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்து, அக்கா, களைக்கு யாராவது இவ்வளவு செல்லம் குடுப்பாங்களா என்று கேட்டாள். கீரை எங்கே என்றேன், அதைத்தான் நீங்க களைன்னு பிடுங்கிப் போட்டுட்டீங்க என்றாள். தோட்டக்கலையில் உன் அம்மா வாங்கிய மார்க் இவ்வளவுதான்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் இனிமேல் எழுதப்போவதை அப்பா காதில் விழும்படி சொல்ல முடியாது, அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

தோட்டமும் கோழியும் எதற்காகத் தொடங்கினேன் என்று உனக்குத் தெரியும். மழையில் வழுக்கி அந்த சைக்கிள்காரர் அப்பா ஓட்டிய பஸ்ஸுக்கு முன்னால் விழுந்து இறந்த நாளிலிருந்து, பத்து மாதமாக, இந்த மனுஷன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். தப்பு அவர் மேல் இல்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்ததை மடித்து பீரோவில் வைத்தார், மறுபடி எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் ஆடியும் பார்த்தேன், பாடியும் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் டிப்போ மெக்கானிக் ஒரு கூடையில் எட்டு இளங்கோழிகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, அண்ணே வளர்த்தா வளருங்க, இல்லைன்னா அண்ணி குழம்பு வைக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பழைய பலகைகளை வைத்து ஒரு கூண்டு அடித்தேன். அதன் கதவு கோணலாக நின்றதை ஜன்னல் வழியாக இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து சுத்தியலை என் கையிலிருந்து பிடுங்கினார். அவ்வளவுதான், ஆள் வெளியே வந்துவிட்டார். ஒவ்வொரு கோழிக்கும் பஸ் நம்பர் வைத்தார். எப்போதும் கடைசியாக வருகிறது பதினேழு, தோட்டத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது ரிங் ரோடு, யாரையும் ஏற்றாமல் ஓடுகிறது எக்ஸ்பிரஸ். சாயங்காலம் கூண்டு வாசலில் நின்று, எல்லா வண்டியும் டிப்போவுக்கு வந்தாச்சு என்று எனக்குக் குரல் கொடுப்பார். ஒரு நாள் சிரித்தார்கூட. நான் அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கோழி உட்காரும் கட்டையில் பேன் ஊர்ந்தது. ஆஸ்பத்திரித் தரையை இருபத்திரண்டு வருஷம் துடைத்த கை சும்மா இருக்குமா, குளியலறையிலிருந்த பினாயிலை எடுத்து அரைப் பாட்டிலை அப்படியே கூண்டுக்குள் கவிழ்த்துத் தேய்த்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்டோர்காரர் தண்ணீரில் கலந்துதான் வாளியில் தருவார், நான் அதை எடுத்துத் துடைப்பேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கலக்காத பினாயிலை என் வாழ்நாளில் தொட்டதே இல்லை. வீட்டிலும் குளியலறை கழுவுவது அப்பா பொறுப்பு. ஈரம் காய்வதற்குள் மழை வந்தது, கோழிகளை உள்ளே விட்டேன், சளியில் மூக்கடைத்துக் கிடந்த அப்பா, சாரல் அடிக்கிறதே என்று கூண்டின் பலகை ஜன்னலைச் சாத்தினார். காலையில் ஆறு கோழி காலை நீட்டிக் கிடந்தன. கதவோரம் இருந்த இரண்டு மட்டும் பிழைத்தன.

அப்பா மண்வெட்டியை எடுத்து வந்தார். பாத்தி ஓரத்தில் ஆறு குழி தோண்டிப் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டே, நான் சாத்தினதால மூச்சு முட்டிப் போச்சு, நான் தொட்டா உசுரு போகுதுடி என்றார். போய்ப் படுத்தார், மறுபடியும் சுவர். அன்று மத்தியானம் கோழி வைத்தியம் பார்ப்பவர் வந்தார், கூண்டுக்குள் தலையை விட்டதும் வெளியே இழுத்துக்கொண்டார். இருமிக்கொண்டே, பலகைக்கு நடுவுல விரல் போற அளவு சந்து இருக்கு, காத்துக்கு என்ன குறை, மருந்து நெடிதாம்மா கொன்னிருக்கு, யாரு ஊத்தினது என்று கேட்டார். அப்பா உள்ளே இருந்தார். நான் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணா, உன் அம்மா அன்று சொன்ன பொய்க்கு முன்னால் தக்காளிப் பொய் ஒன்றுமே இல்லை. அவர் சிரித்த முகம் என்னைப் பார்த்து மாறிவிடுமோ என்ற பயத்தில் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் என் பழியைச் சுமந்துகொண்டு படுத்திருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்து கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சுவரைப் பார்த்தபடியே, மிச்சம் ரெண்டையும் யாருக்காவது குடுத்துடு, என்கிட்ட இருந்தா அதுவும் செத்துப்போயிடும் என்றார். அதற்கு மேல் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எழுந்தார், குளியலறைக்குப் போய் பாட்டிலை எடுத்துவந்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி என்று சத்தமாகப் படித்தார். நீ எவ்வளவு ஊத்தினே என்றார். பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் காட்டினேன். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. மூணு நாளா ஏன் சொல்லலை என்று மட்டும் கேட்டார். நான் பாட்டிலை வாங்கி மூடியை இறுக்கி மூலையில் வைத்தேன்.

அதிலிருந்து ஒன்பது நாளாக என்னோடு பேச்சு இல்லை. தட்டை அவரே எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறார், பேசுவது இரண்டு கோழிகளோடு மட்டும். ஆனால் படுக்கையில் இல்லை, விடிந்தால் கூண்டுப் பக்கம்தான் இருக்கிறார். கோபத்தைத் தன் மேலிருந்து எடுத்து என் மேல் வைத்திருக்கிறார், அது இங்கேயே இருக்கட்டும், எனக்குப் பாரம் தெரியாது. நீ போன் செய்யும்போது எனக்காகப் பரிந்து பேசாதே. நடந்ததை மறந்துடுங்கப்பா என்றும் சொல்லாதே, அதைக் கேட்டாலே மறுபடி படுத்துவிடுவார். கோழி எப்படி இருக்கு என்று மட்டும் கேள். லீவு போட்டுக்கொண்டு ஓடி வரவும் வேண்டாம், உன்னைப் பார்த்தால் தன்னை நோயாளி என்றே முடிவு செய்துவிடுவார். ராத்திரி வேலைக்குக் காதை மூடிக்கொண்டு போ. முடி வெட்டிக்கொள், போன போட்டோவில் உன்னைப் பார்த்து யாரோ என்று நினைத்தேன். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், மனசு கனக்காமல், நூறு வருஷம் நன்றாக இரு, என் தங்கமே.

மறந்துவிடாதே, பினாயில் வாங்கினால் பாட்டில் மேலே எழுதியிருப்பதைப் படி.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. கவரை ஒட்டப்போகும் நேரத்தில் கோழி ஒன்று அடுத்த வீட்டுக்குள் ஓடிவிட்டது. அப்பா பின்னாலேயே ஓடினார். அங்கே இரும்பு கேட்டுக்கு அடிக்க ஒரு வாளியில் பெயிண்ட் கலக்கி வைத்திருந்தார்கள். அப்பா குனிந்து கோழியைப் பிடித்துக்கொண்டு, அடியே சீக்கிரம் வாடி என்று என்னைக் கூப்பிட்டார், கூப்பிட்ட வேகத்தில் பல் செட் வாளிக்குள் விழுந்துவிட்டது. மண்ணெண்ணெய் போட்டு நான்தான் தேய்த்தேன். கீழ் வரிசை சுத்தமாகிவிட்டது. மேல் வரிசை இன்னும் பச்சையாக இருக்கிறது.