கழுத்தோடு நின்ற படங்கள்

என் பிரியத்துக்குரிய நங்கைக்கு,

லைட்டு வாங்கிவிட்டேன். இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது. ஒரே ஒரு எல்இடி லைட்டு, அதன் முன்னால் மாட்டுகிற வெள்ளைத் துணிப் பெட்டி, ஒரு ஸ்டாண்டு. நீங்கள் கேட்டது அதுதானே. மூன்று லைட்டு செட்டுதான் வேண்டும் என்று உங்களோடு மல்லுக்கட்டினேனே, அந்த வீம்பு இப்போது எங்கே போயிற்றோ.

நீங்கள் யாரென்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். என் வீட்டுக்காரரின் அக்கா, அதனால் எனக்கு நங்கை. உங்கள் வீட்டுக்காரர் இறந்த பிறகு காரமடையில் எங்களோடு வந்து இருந்தீர்கள். சிறுமுகைத் தறிகளில் புடவை எடுத்து, போனில் படம் பிடித்து, வாட்ஸப்பில் விற்றோம். கட்டி நிற்பது நீங்கள், படம் எடுப்பது நான்.

உங்களுக்கு ஒரே நிபந்தனை. "புருசன் போனவ பட்டுக் கட்டிட்டு நிக்கறாளேன்னு பேசுவாங்க அம்மணி. கழுத்தோட நிறுத்திப்போடு." நானும் இரண்டு வருடம் கழுத்தோடு நிறுத்தினேன். பேசினால் பேசட்டுமுங்க என்று ஒரு நாளாவது சொன்னேனா? பேச்சு என் வீட்டுக்கும் வரும் என்ற பயம் எனக்கும் இருந்தது.

அரக்குப் புடவைகள் ட்யூப்லைட்டில் பழுப்பாக விழுந்து, வாங்கினவர்கள் திருப்பி அனுப்பத் தொடங்கியதும்தான் காந்திபுரத்து லைட்டுக் கடைக்குப் போனோம். ஒன்று போதும் என்றீர்கள் நீங்கள்; நான் மூன்று லைட்டு செட்டைக் காட்டினேன். கடைக்காரர் தலையாட்டவில்லை.

"அதுல ஒண்ணொண்ணும் ஒரு நிறத்துல எரியுமுங்க. ஃப்ளாஷும் உங்க போனுக்கு ஒத்து வராது. எரிஞ்சுட்டே இருக்கற லைட்டு, நல்லதா ஒண்ணு எடுங்க. எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை வெச்சாப் போதுமுங்க."

சொல்லிக்கொண்டே உங்களை ஸ்டூலில் உட்காரவைத்து, லைட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில், தலைக்கு மேலே உயர்த்தி வைத்தார். என்னை எடுத்துப் பார்க்கச் சொன்னார். முகத்தோடு எடுத்தேன். கூச்சத்தில் பாதிச் சிரிப்போடு எத்தனை அழகாக இருந்தீர்கள் நங்கை.

"அட, நானா இது?" என்று போனை வாங்கி வாங்கிப் பார்த்தீர்கள். பிறகு முகம் மாறிவிட்டது. "அழிச்சுப்போடு அம்மணி. யாராச்சும் பாத்தா வம்பு."

யோசித்துவிட்டு வருகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லி வெறுங்கையோடு திரும்பினோம். பஸ் துடியலூர் தாண்டுவதற்குள் அழித்துவிட்டேன். போனின் குப்பைக்கூடையிலிருந்தும் அழித்தேன். எதிலும் அரைகுறையாக இருக்கக்கூடாதாம் எனக்கு.

அடுத்த மாதமே உங்களுக்கு ஆஸ்பத்திரி.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் தேடினோம். என் போனில் நீங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறீர்கள். தோள், கை, கொசுவம், முந்தானை. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். உங்கள் அம்மா அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "எம்புள்ளை மாதிரியே இல்லையே. ஏங்கண்ணு, நீதானே எந்நேரமும் போட்டா எடுத்துட்டு இருந்தே?" என்று கேட்டார். 

புது லைட்டில் அரக்கு அரக்காகவே விழுகிறது. புடவையைக் கதவில் தொங்கவிட்டு எடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

ஒன்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் என் கையைப் பிடித்தீர்கள். "லைட்டுக் கடையில எடுத்தது இருக்குதா? நான் போனா அதையே மாட்டச் சொல்லு. இனி யாரு பேசுனா என்ன."

"இருக்குதுங்க நங்கை," என்றேன்.

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மீதிக் கஞ்சியை நீங்கள் குடிக்கவில்லை. அப்போதாவது போனை எடுத்திருக்கலாம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு உங்களை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் படம் இல்லைங்க நங்கை. அன்றைக்கே இல்லை. என்னை மன்னிப்பீர்களா?

இனி இந்த லைட்டுக்கு முன்னால் நிற்கிற எந்தப் பெண்ணையும் முகத்தோடுதான் எடுப்பேன். அவளே அழிக்கச் சொன்னாலும் அழிக்கமாட்டேன். அவள் கேட்கிற நாள் வரைக்கும் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்களிடம் பொய் சொன்ன,
உங்கள் தம்பி பெண்டாட்டி